ஏட்டு வீட்டுக் கொம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது மூங்கிலில் ஊறிய நல்லெண்ணெய் வாசனைதான். மயிலாப்பூரில் குளத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்த காவலர் குடியிருப்பின் மேல்மாடியில் எங்கள் வீடு. அப்பா தலைமைக் காவலர், தெருவுக்கு 'ஏட்டு'. பந்தோபஸ்து இல்லாத நாளெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்கும் லத்தியை அன்றைக்கு வெளியே எடுத்து, கிழிந்த பனியன் துணியில் எண்ணெய் தொட்டு, கணு கணுவாகத் தேய்த்து, வெயில் விழும் தாழ்வாரச் சுவரில் சாத்தி வைப்பார். பக்கத்து வீடுகளிலும் அதே வேலை நடக்கும் என்பதால், லத்தி வாசனையும் கறிக்குழம்பு வாசனையும் ஒன்றாகக் கலந்து படிக்கட்டு வரை இறங்கி வரும். எண்ணெய் காட்டாவிட்டால் மூங்கில் வெடித்துவிடும் என்பார் அப்பா. எதன்மேல் பட்டு வெடிக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், எங்களுக்கு அது ஒரு வீட்டுச் சாமான். உயரத்தில் கட்டிய கொடியில் ஈரப்புடவையைத் தூக்கிப் போட அம்மாவுக்கு அது வேண்டும்; குடியிருப்புச் சுவரை ஒட்டி நின்ற கொடுக்காப்புளி மரத்தில் காய் உலுக்க எனக்கும் என் சிநேகிதி ரீட்டாவுக்கும் அது வேண்டும். பிள்ளைகள் நாங்கள் அதை 'ஏட்டு வூட்டு கொம்பு' என்றுதான் சொல்வோம். ரீட்டாவின் அப்பா சவரி மாமா, தெருவில் எல்லா வீட்டுக்கும் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர், எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயையும் அவர்தான் பார்ப்பார். மரத்துக்கு எதிரே தன் வாசலில் குந்தி உட்கார்ந்து ஏதாவது ஒரு குழாயைத் திருகிக்கொண்டிருப்பார், நான் கொம்போடு இறங்கி வந்தால் போதும், "இன்னா ஏட்டம்மா, ரவுண்ட்ஸ் கெளம்பிட்டியா?" என்று எழுந்து நின்று ஒரு சல்யூட் வைப்பார். எனக்குப் பெருமை தாங்காது.

ஆயுத பூஜையன்று அரிவாள்மணை, தையல் மிஷின், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் லத்திக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைப்பாள். சோறு போடுகிற சாமான் என்பாள்.

அப்பா சாதுவான மனிதர். நாள் முழுக்க ஓடியாடிய காலோடு நான் சிணுங்கினால், தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு தரையில் உட்கார்ந்து என் கால் இரண்டையும் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கெண்டைக்காலில் தொடங்கிப் பாதம் வரை பிடித்துவிடுவார். அவ்வளவு பெரிய கை, அவ்வளவு பதமாக எப்படி அழுத்தியது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தெருப்பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் "போலீசு வந்து புடிச்சுக்கினு போய்டும்" என்று மிரட்டிச் சோறூட்டும்போது, எங்கள் வீட்டில் போலீஸ்தான் எனக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தது.

எதிர்ச் சாரி மாடி வீட்டில் ஒரு தங்கச் சங்கிலி காணாமல் போனது. அந்த வாரம் அந்த வீட்டுக்குள் போய்வந்த வெளியாள் குழாய் பார்க்கப் போன சவரி மாமா ஒருவர்தான். அவ்வளவு போதுமானதாக இருந்தது. பட்டப்பகலில், வாசலில் விரித்த சாமான்கள் விரித்தபடி கிடக்க, அவரை அப்பா வேலை பார்த்த ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கையால் தண்ணீர் வரவழைத்துக்கொண்ட தெரு, அன்று சாயங்காலமே அப்பாவை வழிமறித்துப் பாடம் நடத்தியது. "சும்மா கேட்டா சொல்லுவானா ஏட்டு? முட்டிக்கு முட்டி தட்டுங்க, தன்னால கக்கிடுவான்." சொன்னவர்கள் ஒன்றும் ரவுடிகள் இல்லை, கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர்கள், எனக்கு மிட்டாய் வாங்கித் தருகிறவர்கள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்.

சில நாள் கழித்துச் சங்கிலி அந்த மாடி வீட்டு மெத்தை உறைக்குள்ளேயே கிடைத்தது. சவரி மாமாவை அனுப்பிவிட்டார்கள். ரீட்டாவின் அம்மாவின் தோளில் கைபோட்டு, கால்களைத் தரையில் வைக்கவும் முடியாமல் வைக்காமலிருக்கவும் முடியாமல் அவர் தெருவில் வந்ததை எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். "அநியாயம்பா, இந்தப் போலீஸ்காரனுங்களே இப்படித்தான்" என்றார்கள். முட்டிக்கு முட்டி தட்டச் சொன்ன அதே வாய்கள்.

எனக்கு விஷயம் முழுதாக விளங்கவில்லை. மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம், ரீட்டாவுக்குக் கொடுக்காப்புளி உலுக்கித் தந்து சந்தோஷப்படுத்தலாம் என்று கொம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சவரி மாமா வாசலில் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் சல்யூட் வைப்பார் என்று நானும் கொம்பைத் தோளில் சாய்த்து விறைப்பாக அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொம்பைத்தான் பார்த்தார். நீட்டியிருந்த கால்களைச் சட்டென்று இழுத்து மடக்கிக் கொண்டவர், முக்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே பாவாடை சட்டை போட்ட என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "காலு வேணாங்கய்யா," என்றார். "கால்ல வேணாங்கய்யா. குந்திக்கினு செய்ற வேல."

ரீட்டா உள்ளேயிருந்து ஓடி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். என்னை அவள் திட்டவில்லை. "நீ போ" என்று மட்டும் சொன்னாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இறங்கி வந்து, என் கையிலிருந்த லத்தியை வாங்கிப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு மாடியேறினாள்.

அப்பா வந்ததும் தொப்பியைக் கழற்றுமுன் கேட்டாள். "அடிச்சது நீங்களா?"

"நான் அடிக்கல," என்றார் அப்பா. "ஸ்டேஷன் பெரியவரு அடிச்சாரு. நான் காலத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போல் என் பக்கம் கையை நீட்டினார். "வலிக்கலப்பா" என்று காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். எனக்கு அப்பா மேல் கோபம் என்று சொல்ல முடியாது; பயம். என் அப்பாவின் கையைப் பார்த்து நான் பயந்தேன், அதைச் சொல்ல ஆளில்லாமல் பயந்தேன். சில நாள் நீட்டிப் பார்த்துவிட்டு, அவர் நீட்டுவதை விட்டுவிட்டார்.

மாமா விழுந்த மறுநாளே அம்மா கடைத்தெருவில் ஒரு மூங்கில் கொம்பு வாங்கி வந்தாள், துணி காயப்போட. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அப்பாவே லத்தியைக் கொண்டுவந்து தையல் மிஷின் பக்கத்தில் சாத்தினார். அம்மா அரிவாள்மணைக்குச் சந்தனம் வைத்தாள், மிஷினுக்கு வைத்தாள், லத்தியைத் தாண்டி என் புத்தகங்களுக்கு வைத்தாள். கற்பூரம் அணையும்வரை கைகட்டி நின்ற அப்பா, பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் அதற்கு எண்ணெய் தேய்த்து நான் பார்க்கவில்லை. குந்த முடியாத சவரி மாமா குழாய் வேலையை விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் இருந்த பாலவாக்கம் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார். ரீட்டா சொல்லிக்கொண்டு போகவில்லை. எப்படிச் சொல்லிக்கொள்வாள்?

இன்றைக்கு அந்தக் குடியிருப்பு இல்லை, இடித்துவிட்டார்கள். கொடுக்காப்புளி மரம் நின்ற இடத்தில் கார் நிற்கிறது. காவலர்கள் கையில் இருப்பது எண்ணெய் கேட்காத பைபர் லத்தி. அம்மாவும் இல்லை. அப்பா மட்டும் மந்தைவெளியில் என்னோடு இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது, சாயங்காலமானால் கால் குடைச்சல். நான்தான் தைலம் போட்டுப் பிடித்துவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் அப்படிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கல்லூரியிலிருந்து வந்த என் மகள் சிரித்துக்கொண்டே செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடுக்குமாடி குரூப்பில் யாரோ அனுப்பியது. காலில் மாவுக்கட்டோடு ஒரு இளைஞன், கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். "பாருங்க தாத்தா, ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கால யாரு புடிச்சாங்கன்னு போட்டுக்கீதா?" என்று கேட்டார்.

மகளுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். அப்பா என் மடியிலிருந்த தன் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.