ரேணிகுண்டாவில் மூன்று மணி நேரம்

எங்கள் லாரி முதலாளி வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். எட்டு மணி நேரம் ஓட்டினால் மூன்று மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். அரசாங்கமும் அப்படி ஏதோ எழுதி வைத்திருந்தது, அதை யார் பார்த்தார்கள்? முதலாளிக்குக் காரணம் இருந்தது. இது நடப்பதற்கு முந்தின வருஷம் பலமனேர் மலைச்சாலையில் எங்கள் டிரைவர் ஒருவர் கண்ணயர்ந்து வண்டியைக் கவிழ்த்துவிட்டார். அவரும் செத்தார், ஏற்றி வந்த மாடுகளும் செத்தன. அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் அந்த மூன்று மணி நேரத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

தொண்ணூறுகளில் சித்தூர் ஜில்லாவில் ஊருக்கு ஊர் தனியார் பால் டிப்போ வந்து, எல்லோரும் சீமை மாடு வாங்க அலைந்த சமயம். சத்தியவேடு பக்கத்து விவசாயி ஒருவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், சாந்திபுரத்தில் ஒரு மாடு வாங்கினார். விடியற்காலையில் சித்தூரிலிருந்து காலி வண்டியை ஓட்டிப்போய் நான்தான் ஏற்றினேன், அவரும் கூடவே வண்டியில் வந்தார். மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று விற்றவன் முந்தின நாள் சாயந்திரமும் அன்று காலையும் கறக்காமல் விட்டிருந்தான். கன்றும் செத்துப்போன மாடு. எல்லா விற்பனையிலும் இந்தக் கூத்து உண்டு. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கறந்துவிடுவார்.

ரேணிகுண்டா வரும்போது என் எட்டு மணி நேரம் முடிந்துவிட்டது. பகல் மூன்று மணி, கண் எரிந்தது. சத்தியவேட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒரு டீக்கடைப் பக்கம் மர நிழலில் நிறுத்தினேன். மாடு பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து முனகியது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது.

"டிரைவரே, அது நின்னுகினே அழுவுது. நிறுத்தாம போயிடலாமா?" என்றார் கூட வந்த விவசாயி.

"போவலாம். ஊட்டுக்குப் போவோமா ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் தானே மேலே ஏறிக் கறந்து பார்த்தார். வீட்டில் மாடெல்லாம் மனைவியின் பொறுப்பாம், உதை வாங்கியதுதான் மிச்சம். டீக்கடையில் விசாரித்தார், யாரும் வரவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"உங்களுக்குக் கறக்க வருமா?"

"வராதுங்க."

பொய். எட்டு வயதிலிருந்து கறந்தவன் நான். எங்களுக்குக் கையளவு நிலம் கிடையாது. நைனா மூன்று வீட்டுத் தொழுவத்தில் பால் கறந்தார், நானும் கூடப் போவேன். அந்த வீட்டுப் பொடியன்கள்கூட நைனாவை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, இனி அடுத்தவன் மாட்டுக்குக் கீழே குந்துவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த ரோஷத்தை ஒரு வாயில்லா ஜீவனிடம் காட்டினேன். பத்து நிமிஷ வேலை அது. கறந்துவிட்டுப் படுத்திருந்தால் என் தூக்கமும் கெட்டிருக்காது, அதன் மடியும் கெட்டிருக்காது. அந்த மூன்று மணி நேரமும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சத்தியவேடு பக்கம் அவர் வீடு சேரும்போது இருட்டிவிட்டது. அவர் மனைவி செம்போடு வந்து மடியில் கை வைத்ததும் மாடு எட்டி உதைத்தது. ஒரு காம்பு கல்லாக இறுகியிருந்தது. அந்த அம்மா இரண்டு தடவை முயன்று பின்வாங்கினார். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி மடியைக் கழுவி, குந்தி உட்கார்ந்து கறந்தேன். மூன்று காம்பில் பால் பீய்ச்சியது. நாலாவதில் கட்டி கட்டியாக, ரத்தம் கலந்து வந்தது.

அந்த அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் காம்பு போச்சு" என்றார்.

அவள் புருஷன், கறக்க வராது என்று நான் சொன்னதைக் கேட்டவர், டார்ச்சை என் விரல்கள் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். பதிலுக்குச் சொல்ல ஒன்றிரண்டு வார்த்தைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"டிரைவரே, கை கழுவிக்கினு வாங்க. காத்தாலேர்ந்து நீங்களும் ஒண்ணும் துன்னல" என்றார்.

இலை போட்டார்கள். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.