முனை மடித்த பிளாஸ்டர்

என் தம்பி மகளுக்கு வீட்டில் தாழ்ப்பாள் என்று பெயர். நடக்கத் தொடங்கியதிலிருந்தே, திறந்து கிடக்கும் கதவைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. போய்ச் சாத்துவாள், சாத்தியபின் ஒருமுறை தள்ளியும் பார்ப்பாள். வளர்ந்து அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற மருத்துவமனையில் கணினி வலையமைப்பு முழுவதும் இன்று அவள் பொறுப்பு.

அவள் சேர்ந்தபோது அங்கே எல்லாம் ஒரே வலையமைப்பு. கணக்குப் பிரிவின் கணினி, நோயாளியின் நாடித்துடிப்பு காட்டும் கருவி, பார்வையாளரின் கைப்பேசி எல்லாம் தடுப்பில்லாத ஒரே கூடத்தில் கிடந்தன. அலுவலகத்தில் ஒருவர் கெட்ட மின்னஞ்சலைத் திறந்தால் அதிலுள்ள வைரஸ் வார்டு வரை தொற்றும். தொற்று நோயாளிக்குத் தனியறை கொடுத்தே பழகிய எனக்கு அவள் திட்டம் பிடித்திருந்தது. நிர்வாகிக்குப் பிடிக்கவில்லை.

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் போடணும்?"

"குடைசாயறதுக்கு முன்னாடி பிரிச்சாத்தான் சார் பிரிக்க முடியும்."

பிரித்தாள். வார்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று. நடுவில் அவள் அனுமதித்தது மட்டுமே கடக்கும். நிர்வாகி ஒரு நிபந்தனை போட்டார். தன் கண்முன் அலுவலகப் பக்கத்தை அடியோடு துண்டித்துக் காட்ட வேண்டும், வார்டு அசையக் கூடாது. அசைந்தால் பழையபடி எல்லாம் ஒன்றாகிவிடும்.

அன்று காலை, நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு வகுப்பு எடுக்க நானும் போயிருந்தேன். கருவி நின்றாலும் கண் இருக்கட்டும் என்று படுக்கைக்கு ஒரு செவிலியரை நிறுத்தச் சொன்னேன். அவள் அலுவலகத்தைத் துண்டித்தாள். படுக்கையருகே இருந்த கருவிகள் ஓடின. ஆனால் எல்லா நோயாளிகளையும் சேர்த்துக் காட்டும் செவிலியர் மேசைத் திரை இருண்டுபோனது.

"கதவச் சாத்தச் சொன்னா விளக்கையும் அணைச்சுட்டியேம்மா," என்றார் நிர்வாகி.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார். எங்க ஒழுகுதுன்னு காட்டுறேன். இல்லன்னா என் கையாலயே பழையபடி மாத்திடறேன்."

இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டுத் தன் கணினியில் பார்த்தாள். அந்த மேசைத் திரை அலுவலகப் பக்கத்து ஆளாகப் பதிந்திருந்தது. அலுவலகப் பக்கம் இருக்கும் டாக்டர்கள் தங்கள் அறையிலிருந்தே நோயாளிகளின் எண்களைப் பார்க்க அவள் விட்டிருந்த சிறு வழியில் அதுவும் நுழைந்து படித்துக்கொண்டிருந்தது. வார்டில் தேடினோம்; எழுத்தர் மேசையருகே சுவரில் இருந்த அலுவலக இணைப்பிலிருந்து ஒரு வயர் கிளம்பி, மருந்து அலமாரிக்குப் பின்னால் போனது. அங்கே வீட்டில் வைக்கும் வைஃபை பெட்டி ஒன்று பிளாஸ்டர் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. பிளாஸ்டரின் முனை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

"அத்தை, இது வயர்மேன் வேலை இல்ல. உங்க ஆளுங்க கைவேலை."

ஆமாம். கையுறை போட்ட விரலுக்கும் உரிக்க வரட்டும் என்று முனையை மடிப்பது எங்கள் பழக்கம். வார்டின் தலைமைச் செவிலியர் பெரியக்கா ஒளிக்கவில்லை.

"நான்தான் வெச்சேன். மேசைய எக்ஸ்ரே ரூம் பக்கம் தள்ளினதுலேர்ந்து திரை செத்துச் செத்துப் பொழைச்சுது. உங்க ஆளுங்ககிட்ட சொன்னா டிக்கெட் போடுங்க, கம்ப்யூட்டர்ல புகாரப் பதிவு பண்ணிட்டுக் காத்திருங்கன்றாங்க. நோயாளி என்ன, டிக்கெட் போட்டுட்டா மயக்கம் போடுவாரு?"

"தப்பு எங்களுதுதான்க்கா. அந்தச் சுவருக்குள்ள ஈயத் தகடு இருக்கு, சிக்னல் தாண்டாது. வந்து பாத்திருக்கணும். ஆனா நான் கட்டின சுவத்துல நீங்க பொந்து போட்டுட்டீங்க."

"பொந்தா? சன்னல்னு சொல்லுடி."

"திருடனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

மேசைத் திரைக்கு வார்டுப் பக்கத்திலிருந்தே நேராக வயர் இழுத்தாள். தெரியாத கருவியைச் செருகினால் எந்தச் சுவர் இணைப்பும் ஏற்காதபடி செய்தாள். நிர்வாகி வந்ததும், முதலில் பெரியக்காவையே அழைத்து அந்தப் பெட்டியைச் செருகச் சொன்னாள்.

"ஒண்ணும் வரல. செத்துடுச்சு."

"அப்படித்தான் இருக்கணும்."

பிறகு அலுவலகத்தைத் துண்டித்தாள். கணக்குப் பிரிவிலிருந்து கூச்சல் கேட்டது. மேசைத் திரையில் எண்கள் ஏறி இறங்கின, ஒன்றும் நிற்கவில்லை. நிர்வாகி தேநீர் ஆறும் வரை நின்று பார்த்தார்.

"சரிம்மா. பிரிஞ்சது பிரிஞ்சபடியே இருக்கட்டும்."

பெட்டி பெரியக்காவிடமே திரும்பியது. கூடவே தாழ்ப்பாளின் கைப்பேசி எண்ணும். வார்டில் சிக்னல் போனால் டிக்கெட் வேண்டாம், நேராகக் கூப்பிடலாம் என்றாள். பெரியக்கா இப்போது குழாய் ஒழுகினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறாள்.