பரமேஸ்வரியின் கண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எங்கள் சபையின் ஊழியக்காரியாக, பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமொன்றில் வீடு வீடாகப் போய் வந்தேன். சில வீடுகளில் தேத்தண்ணீர் கிடைக்கும். பல வீடுகளில் வாசற்படலையே திறக்காது.

பரமேஸ்வரி நிறைமாதக்காரி. கணவன் கடலுக்குப் போயிருந்தான். சைவக் குடும்பம்தான்; ஆனாலும் அன்று காலை "வாங்கோ அக்கா" என்று பாய் விரித்தாள். இரண்டு வாரமாக ஒருவரும் என்னை உள்ளே அழைக்காதிருந்ததால், மகிழ்ச்சியில் உடனே வேதாகமத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. வசனம் மனதைத் தொட்டுவிட்டது என்று எண்ணி, இன்னும் ஓர் அதிகாரம் வாசித்தேன். செபிக்கக் கண்ணை மூடியபோது என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, விடியத்திலையிருந்து வயித்துக்குத்து. இனி ஏலாது."

"ஐயோ, ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் சாமிக் கதை கதைக்கேக்கை எப்பிடி மறிக்கிறது?"

தெருவுக்கு ஓடி, வந்த மரக்கறி லொறியை மறித்தேன். அவளை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கால்மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். வீட்டில் பிறந்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் மருத்துவிச்சி.

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுகம் விசாரிக்கிறேன். அவர்கள் கதைத்து முடியும்வரை நான் வாசிக்கத் தொடங்குவதில்லை. சில நாள்களில் ஒரு வசனமும் வாசிக்காமலே திரும்பி வருகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.