கொசுவம் வைக்காத பேய்

நான் வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல வேலை பார்த்துக் குடும்பம் நடத்துறேன். என் வீட்டுக்காரர் பேய் வளர்க்கிறார். சென்னையில கைநிறையச் சம்பளம் வாங்கிட்டிருந்த மனுஷன், அதை விட்டுட்டு வந்து மாடி ரூம்ல உட்கார்ந்து தனியாளா ஒரு வீடியோ கேம் பண்ண ஆரம்பிச்சார். பழைய லாட்ஜ் ஒண்ணுல மாட்டிக்கிறோம், பின்னாடியே பேய் வருது, புதிரையெல்லாம் அவிழ்த்து வெளிய வரணும். ஆபீஸ்ல இதை எப்படிச் சொல்றது? வீட்லேருந்தே ஐ.டி. வேலைன்னு சொல்லிச் சமாளிச்சுட்டிருந்தேன்.

பழைய கம்பெனிக்காரங்க இன்னும் அவரைக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. எனக்குப் பொறுமை போயிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பந்தயம் கட்டினேன். நான் அந்த லாட்ஜை விட்டு வெளிய வந்துட்டா, மறுநாளே அவர் சென்னைக்கு பஸ் ஏறணும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வர முடியலன்னா, அவர் வேலையைப் பத்தி நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். சரின்னுட்டார்.

பேயைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு தாங்கல. தூரத்துல முகம் தெரியல, புடவைதான் தெரிஞ்சுது. கொசுவமே வைக்காம பெட்ஷீட் மாதிரி சுத்தி விட்டிருந்தார். எந்த ஊர்ல பொம்பளைங்க இப்படிக் கட்டுறாங்கன்னு கேட்டேன். அவர் எனக்குப் பின்னாடி சேரைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டார்.

நடுவுல முற்றம், அதுல ஒரு விளக்கு, சுத்தி நாலு பக்கமும் வராந்தா. நடந்தேன். சாவியெல்லாம் எடுத்தேன், பூட்டெல்லாம் திறந்தேன். கடைசிக் கதவு மட்டும் கண்ணுல படவே இல்ல. லாட்ஜ் சுவத்துல கடிகாரம் பின்பக்கமா ஓடிட்டிருந்தது. பேட்டரி மாத்தணும்னு நெனச்சு விட்டுட்டேன். சுத்துறேன், சுத்துறேன், பேய் தோளைத் தொடுது, ஸ்கிரீன் இருட்டாயிடுது, மறுபடி முதல்லேருந்து. அடுப்புல சாம்பார் அடிபிடிச்சுது. பெங்களூர்ல இருக்கிற அவர் ஃப்ரெண்ட் டீ ஆறுறதுக்குள்ள வெளிய வந்துட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்துல லேப்டாப்பைத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பேன், வீட்ல போர்தான் இருக்கு.

வெயில் இறங்கிடுச்சு. அவர் வாயை மூடிட்டிருந்தா போதும், ஜெயிச்சிருப்பார். ஆனா மனுஷனுக்கு இருப்புக்கொள்ளல.

"ஒரு தடவை திரும்பி நடந்துதான் பாரேன்"னார்.

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. காலையிலேருந்து விளக்கை வலப்பக்கம் வச்சே சுத்திட்டிருக்கேன். நான் அடி அண்ணாமலையில பொறந்தவ. எனக்கு பக்தியெல்லாம் ரொம்பக் கம்மி. பௌர்ணமியானா பஸ்ஸை நிறுத்திடுறாங்கன்னு சாமியையே திட்டுறவ. ஆனா எங்க வீட்டு வாசல்ல கிரிவலம் வர்ற அத்தனை சனமும் மலையை வலப்பக்கம் வச்சு ஒரே திக்கா போறதைப் பார்த்தே வளர்ந்தேன். எதிர்ப்பக்கமா சுத்தலாம்னு என் புத்திக்கே எட்டல. தெரிஞ்ச பிறகும் விரல் வரமாட்டேங்குது. வெக்கமா போச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

திரும்பினா, நேர் எதிர்ல அது நிக்குது. இத்தனை நேரம் முதுகுக்குப் பின்னாடி வந்ததோட முகத்தை அப்பத்தான் கிட்டத்துல பார்த்தேன். கோபமே இல்ல. ஒருத்தராவது திரும்பிப் பார்க்க மாட்டாங்களான்னு காத்துக் காத்து அலுத்துப்போன மூஞ்சி. நிஜமாவே பயந்துட்டேன், அழுகையும் வந்துடுச்சு. அது ஒதுங்கி வழி விட்டுது. அதுக்குப் பின்னாடிதான் கதவு இருந்தது.

வெளிய வந்துட்டேன். அப்புறம் அவர், நாளைக்கு எந்த பஸ்ஸுக்குக் கிளம்பட்டும்னு கேட்டார். வழி சொல்லிக் குடுத்தது தான்தான்னு ஒரு வார்த்தை வாதாடல. நான் சேரைத் திருப்பி அவர் மூஞ்சியைப் பார்த்தேன்.

"பஸ் கிடக்குது. கொசுவம் எப்படி வைக்கிறதுன்னு நான் கட்டிக் காட்டுறேன். முதல்ல அந்தப் பொம்பளைக்கு ஒழுங்கா புடவையைக் கட்டி விடுங்க"ன்னேன்.