ரங்கூனில் நான் விற்ற சின்னக் கார்கள்

கார் விற்கிறவளுக்குக் காரைப் பற்றிப் பேசுகிற வேலை ரொம்பக் கொஞ்சம். வாங்க வந்தவரின் மனைவியையும் மச்சானையும் ஜோசியரையும் சம்மதிக்க வைப்பதற்குள்தான் தொண்டை வறண்டு போகும். ஷோரூமில் நின்றவர்களுக்கு இது தெரியும். ஜவுளிக்கடையிலும் செல்போன் கடையிலும் நின்றவர்களுக்கும் தெரியும். "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்ற வார்த்தையைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்ட அனுபவம் இருந்தால் நீங்களும் என் கட்சி.

என் பெயர் ஸ்டெல்லா. ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மீயம், மாதா கோயிலில் இரண்டும். ஒரு ஜப்பான் கம்பெனியின் சின்னக் கார் இந்த ஊரில் கொடிகட்டிப் பறந்தபோது அதன் ஷோரூமில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தேன். அது இறங்கிப் போனபோதும் அங்கேயேதான் இருந்தேன். கம்பெனி பெயர் இப்போது எதற்கு? அதற்கு முன்பெல்லாம் இங்கே நடுத்தரக் குடும்பம் கார் வாங்குவதென்றால், ஜப்பான்காரர் ஓட்டிக் களைத்துக் கப்பலேற்றி அனுப்பிய பழைய கார்தான். நாங்கள் விற்றது ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய புத்தம்புதுக் கார். விலையோ பழைய காரை விடக் கொஞ்சம்தான் கூட. ஜனங்கள் வராமல் இருப்பார்களா?

யாரும் உட்காராத சீட்

டோ கின் தெய்ன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "டோ" என்பது வயதில் பெரிய பெண்களின் பெயருக்கு முன்னால் இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. அந்த அம்மாள் ஷோரூம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வழவழவென்ற தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. மகன் எஞ்சினைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் பின் சீட்டில் ஏறி, பிளாஸ்டிக் உறை சரசரக்க உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கதவருகில் காத்து நின்றேன். ஏசி, மைலேஜ், சர்வீஸ் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் தயாராக இருந்தது. அந்த அம்மாள் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த சீட்ல எனக்கு முன்னாடி யாரும் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டாங்க, இல்லையா?"

முட்டைக்காரத் தம்பதி

இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால், எதிரே வண்டி வருகிறதா என்று டிரைவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொல்ல வேண்டும். எங்கள் புதுக் காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம். இதை விளக்கிச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலி கண்டது.

கோ மியோவும் அவர் மனைவி மா சானும் ஊருக்கு வெளியே மாவ்பியிலிருந்து வாத்து முட்டை ஏற்றி வந்து அலோன் பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர்கள். நம் வயதுக்காரர்களை ஆணென்றால் "கோ", பெண்ணென்றால் "மா" சேர்த்துக் கூப்பிடுவது இங்கே வழக்கம். ஓட்டிப் பார்க்க இருவரும் வந்தார்கள். நான் பின் சீட்டில். இன்செயின் போகிற சாலையில் ஒரு மூங்கில் லாரி முன்னால் போனது. பழக்கதோஷத்தில் மா சான் கழுத்தை நீட்டினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓரத்து டீக்கடைதான். அதற்குள் கோ மியோ தானாகவே பார்த்து, தானாகவே முந்திப் போய்விட்டார். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மா சான் ஷோரூம் திரும்புகிற வரைக்கும் சாலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "அப்ப இனிமே நான் எதுக்குக் கூட வரணும்?" என்றார். இந்த வியாபாரம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மா சான் தனியாக வந்து கார் புக் பண்ணினார். எப்படி மனசு மாறினீர்கள் என்று கேட்டேன். "கண்ணு வேலை போச்சு. மேல் தட்டு முட்டை ஆடாமப் பிடிச்சுக்க ஆள் வேணுமாம். சரின்னுட்டேன்."

எலுமிச்சம்பழமும் ரிப்பனும்

எங்கள் ஷோரூமுக்கு ஜப்பானிலிருந்து வந்த மேலாளர் பெயர் தனகா; ஜப்பான் வழக்கப்படி மரியாதைக்கு "சான்" சேர்த்து தனகா சான் என்போம். பர்மீயப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்தின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான். அவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் போதெல்லாம் எதிரில் இருப்பவர் உதட்டைக் கடிப்பார். தனகா ஒவ்வொரு முறையும் கூடச் சிரிப்பார், காரணம் தெரியாமலே.

பருப்பு வியாபாரம் செய்கிற முத்தையா அண்ணன் கார் எடுக்க வந்த நாள் அது. அவர் மனைவி பர்மீயப் பெண். அண்ணன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அண்ணி கண்ணாடியில் சிவப்பும் வெள்ளையுமாக ரிப்பன் கட்டினார். எலுமிச்சம்பழம் நசுங்கியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஷோரூமுக்குப் பக்கத்து மரத்தடியில் இருந்த காவல் தேவதையைப் பார்த்து முன்னும் பின்னும் அசைக்க வைத்தார். கார் கும்பிடு போடுகிறது என்று அர்த்தம். இதையெல்லாம் மாடிக் கண்ணாடி வழியே பார்த்த தனகா சான், கையில் ஒரு ஸ்பானரோடு படியிறங்கி ஓடி வந்தார். "ஸ்டெல்லா, கியர் பாக்ஸில் ஏதாவது கோளாறா?"

எல்லாரும் வெள்ளை

ஒரு கட்டத்தில் ரங்கூன் முழுக்க எங்கள் கார்தான். அதிலும் வெள்ளை. டாக்சியும் அதுவே, டாக்டரும் அதுவே. ஒரு பல் டாக்டர் பெண் எங்களிடம் வாங்கிய காரில் கல்யாணத்துக்குப் போய், திரும்பும்போது வேறு யாருடைய காரின் கதவையோ இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே யாரோ ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தாராம். மறுநாள் காரோடு வந்து, வேறு நிறம் அடித்துத் தர முடியுமா என்றார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்றுதானே நீங்களும் வாங்கினீர்கள் என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "ஆமா, வாங்கினேன். அதுக்காக எல்லாரும் வாங்கணுமா?"

மலிவு

இறக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கணக்கில் அது ஒரு விளம்பரப் பலகையில் தொடங்கியது. பாங்காக்கில் இருந்த மேலாபீஸ், "ஊரிலேயே மலிவான புதுக் கார்" என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னது. பொய்யில்லை. ஆனால் அது வரைக்கும் புதுக் கார் வாங்கியவர் என்று பெயரெடுத்தவர்கள், அன்றிலிருந்து மலிவான கார் வாங்கியவர்கள் ஆகிவிட்டார்கள். மகளுக்குச் சீதனமாக வாங்க வந்த ஒரு மரக்கடை முதலாளி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே நின்றார். "மலிவாக் கொடுங்க, வேண்டாங்கலை. அதை என் சம்பந்தி படிக்கிற மாதிரி ஏன் எழுதி வைக்கிறீங்க?"

பலகையை எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் பெருந்தொற்று வந்தது. அது போவதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடே குலுங்கியது. பாகங்கள் இறக்குமதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. தொழிற்சாலை நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. பெட்ரோல் பங்குகளில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எங்கள் ஷோரூமில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு காட்சிக் கார்.

சோபாவில் கூட்டம்

கார் இல்லாத ஷோரூமுக்கும் ஆட்கள் வந்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் எங்களிடம் ஜெனரேட்டர் ஓடியதே காரணம். பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் போனும் பவர் பேங்க்குமாக வந்து, சோபாவில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். விற்பனைப் பெண்ணாகிய நான் எக்ஸ்டென்ஷன் வயரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒருநாள் பாங்காக்கிலிருந்து ஒரு அதிகாரி வீடியோவில் பேசினார். கேமராவில் கூட்டத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம், வியாபாரம் திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டார். சோபாவில் இருந்த ஒரு அம்மாள் போனைத் தூக்கிக் காட்டி, எனக்குப் பதிலாக அவரே பதில் சொன்னார். "எனக்கு இன்னும் பாதிதான் ஏறியிருக்கு, கொஞ்சம் பொறுங்க."

ஓட வேண்டாத கார்

அந்த மழைக்காலத்தில் கோ மியோவின் கார் நின்றுபோனது. பெட்ரோல் பம்ப் செத்துவிட்டது. எங்கள் சர்வீஸில் அந்தப் பாகம் இல்லை, ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. வேறு காரின் பம்பை மாட்டிப் பார்த்தும் ஓடவில்லை. மாவ்பிப் பண்ணைக்காரர் வாத்து முட்டையை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பார்? வேறு ஆளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம். மா சான் தினமும் காலையில் ஷோரூம் திறக்கும்போதே வந்து உட்கார்ந்துவிடுவார். சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் தண்ணீர் கொடுப்பேன். வாங்கிக் குடித்துவிட்டு, காட்சிக் காரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டுவிட்டார். "மா ஸ்டெல்லா, அதுக்குள்ளயும் அந்தப் பம்ப் இருக்கில்ல?"

இருந்தது. சர்வீஸ் பொறுப்பில் இருந்த கோ ஜோவும் ஆமாம் என்றார். தனகா சானிடம் போய்க் கேட்டோம். காட்சிக் காரைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. அனுமதி கேட்டு மேலாபீசுக்கு எழுதினார், பதிலில்லை. மறுபடி எழுதினார். எழுதிவிட்டு மாடிக் கண்ணாடி வழியே மா சானைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் கோபம்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீங்கள் ஒருநாள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், இந்த ஊரில் அந்தக் காரை விற்றவள் நான்தான், மார்க்கெட்டில் அவர்கள் முகத்தில் விழிக்கப் போகிறவளும் நான்தான்" என்றேன்.

மறுநாள் மா சான் வந்தபோது தனகா சான் கீழே நின்றிருந்தார். காட்சிக் காரைச் சுற்றி வந்து, கைக்குட்டையால் பானெட்டில் ஒரு இடத்தைத் துடைத்தார். டிரைவர் சீட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து சாவியைக் கோ ஜோவின் கையில் வைத்தார். "காட்சிக்கு நிற்கிற கார் ஓட வேண்டியதில்லை."

உள்ளே ஒன்றுமில்லை

விஷயம் பரவாமல் இருக்குமா? பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தோம். ஹாரன், வைப்பர் மோட்டார், ஏசி கம்ப்ரசர் என்று எல்லாம் போனது. வெளியே பார்த்தால் பளபளவென்று நிற்கும். கோ ஜோ வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் துடைப்பார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு நர்ஸ் வந்தார். உட்கார்ந்து பார்க்கலாமா என்றார். உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார், சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சாவி கேட்டுவிடப் போகிறாரே என்று பயந்து, இது ஓடாது அக்கா, உள்ளே ஒன்றுமில்லை, விற்கவும் மாட்டோம் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் இறங்கவில்லை. "வாங்க வரலை. வாங்கியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு பார்க்க வந்தேன்."

தனகா சானின் கும்பிடு

கம்பெனி இந்த நாட்டில் கடையை மூடுகிறது என்ற செய்தி எங்களுக்கு முன்பே டீக்கடைக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாளில் தனகா சான் எல்லாருக்கும் கை கொடுத்தார். வாசலில் கோ மியோ காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு விடுவேன் என்று பிடிவாதம். தனகா சான் காருக்கு முன்னால் நின்று, முதுகு வளைய அதற்கு ஒரு கும்பிடு போட்டார். நிமிர வெகுநேரமானது. பின் சீட்டில் முட்டைத் தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்த மா சான்தான் சூழ்நிலையைக் காப்பாற்றினார். "சீக்கிரம் ஏறச் சொல்லு, மா ஸ்டெல்லா. வழியில ரெண்டு கடைக்கு முட்டை இறக்கணும்."

அதே மேஜை

இப்போது அதே கட்டடத்தில் சீனத்து மின்சாரக் கார் விற்கிறார்கள். நானும் அங்கேதான், அதே மேஜை, வேறு பேட்ஜ். போன வாரம் ஒரு தமிழ் டீச்சரம்மா வந்தார். சார்ஜ், பேட்டரி, வாரண்டி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கார் நல்லா ஓடும்னு தெரியுதும்மா. கம்பெனி ஓடிடாம இருக்குமா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்தப் பழைய சின்னக் கார் எதிரே வந்தால், இது நான் விற்றதாக்கும் என்று மனசு பூரிக்கும், ஓட்டுகிறவர் அடையாளம் கண்டு பாகம் கேட்பதற்குள் கால் தானாகவே அடுத்த சந்துக்குள் திரும்பிவிடும்.