என்னைத் தாண்டிப் போன மைசூர்பாகு

பொம்மிடியிலிருந்து நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர் அவர். ஜன்னல் வெயிலில் வலது கை மட்டும் கன்றிக் கறுத்திருக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டியை எடுக்குமுன் கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார். யாராவது ஓடிவந்தால் நிறுத்திவைப்பார்.

என் மாணவி ஒருத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அவளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். மைசூர்பாகு டப்பாவோடு பஸ்ஸில் ஏறியவள், கைநீட்டிய என்னைத் தாண்டிப் போய், அந்த டிரைவருக்கு முதல் துண்டைக் கொடுத்துக் கும்பிட்டாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்களும் எடுத்துக்கங்க."

எனக்கு இனிக்கவில்லை.

எல்லோரும் இறங்கியபின் டிரைவரிடம் கேட்டே விட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க அப்படி என்ன பண்ணீங்க?"

"நான் என்னங்க சார் பண்ணேன்? அது வூடு ரொம்ப உள்ள தள்ளி இருக்குது. தெனம் ஓடியாரும். நிறுத்துவேன்."

"டாக்டருக்குப் படிக்கப்போகுதுன்னு தெரியுமா?"

"என்ன படிக்குதுன்னே இன்னிக்குத்தாங்க தெரியும்."

நானோ அவளைப் பார்த்த நாளெல்லாம் "எத்தனை மார்க்?" என்றுதான் கேட்டிருக்கிறேன். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளை டாக்டராக்கியவன் என்று ஊர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. தெரிந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் எனக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. மூச்சிரைக்க ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. பதினொரு வருடமாக எனக்காகவும் அப்படித்தான் நின்றிருக்கிறது.

ஏறி உட்கார்ந்தேன். அன்றும் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.