தங்கமான ரிலீவர்

காலையில் குளித்ததும் என் வீட்டுக்காரர் வாசல் கேட்டோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் மனசுக்கு அது வேலை பார்த்த சுரங்கம். கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்பை ஒட்டி இந்த வீட்டைக் கட்டியதெல்லாம் மறந்துவிட்டது. என்னையும் மறந்துவிட்டார். என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை!

தொல்லை மத்தியானத்தில்தான். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சாப்பிட எழமாட்டார். கையைப் பிடித்தால் உதறுவார்.

"ரிலீவர் வரலீங்க. எடத்த வுட்டுட்டு எப்படிப் போறது?"

ஒரு நாள் மயங்கியே விழுந்துவிட்டார். மறுநாளே சென்னையிலிருந்து மகள் வந்து அவருடைய பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். "நல்ல ஹோம் பாத்து வச்சிருக்கேம்மா. இனிமே உன்னால முடியாது" என்றாள். முடியாதென்று சொல்ல இவள் யார்?

அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் சுரங்கத்தில் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்த நாளில் ரிலீவர் தாமதித்தால் வீட்டில் சோறு ஆறிப்போகும். முகம் தெரியாத அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அது நினைவுக்கு வந்ததும் பரணிலிருந்த அவருடைய சுரங்க ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றிக் கேட்டுக்கு வந்தேன்.

"அண்ணே, ரிலீவர் வந்துட்டேன். நீங்க கெளம்புங்க."

கட்டின புருஷனை அண்ணே என்றேன். வேறு வழி?

உடனே எழுந்துவிட்டார். "ரோலர்ல சத்தம் வருது, பாத்துக்குங்க. வூட்ல எம் பொண்டாட்டி சாப்புடாம காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்தார்.

அழ நேரமில்லை. பக்கத்துச் சந்தில் ஓடி, பின்வாசல் வழியாக நுழைந்து, ஹெல்மெட்டை மகள் கையில் திணித்துவிட்டு, அவர் படியேறும்போது நிலைப்படியில் நின்றேன்.

"என்னா, இவ்ளோ நேரம்?"

"ரிலீவர் லேட்டுடி. புது ஆளு. ஆனா தங்கமான ஆளு."

மூச்சு வாங்கியது எனக்கு, சிரிப்பும் தாங்கவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் அவருடைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

ஹெல்மெட்டை நான் பரணில் ஏற்றவில்லை. நாளைக்கு ரிலீவர் லேட்டாக வரக் கூடாதே.